ஹஜ் கோட்டா: ‘ஆயிரத்துக்கு ஒருவர்’ என்பது மார்க்கமா, மக்கள்தொகைக் கணக்கா, ராஜதந்திரமா?

கணக்கப்பிள்ளை:
பக்கத்து இழையில் நிலமும்நீரும் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்.

//வெளியுறவில் மதம் வெறும் போர்வை. உள்ளே இருப்பது எண்ணெய், ஆயுதம், கடல்வழி. ஹஜ் கோட்டாகூட பத்து லட்சம் முஸ்லிமுக்கு ஆயிரம் பேர் என்கிற மக்கள்தொகைக் கணக்குதான். அதில் மதமும் இல்லை, ராஜதந்திரமும் இல்லை.//

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்தக் கணக்கு, அதாவது ஒரு நாட்டிலிருந்து இத்தனை ஹாஜிகள்தான் வரலாம் என்ற வரம்பு, எங்கே பிறந்தது என்று தெரிந்தவர் இப்படி எழுத மாட்டார்.

1987 ஜூலை 31, வெள்ளிக்கிழமை. மக்காவில் ஈரானிய ஹாஜிகள் ‘பராஅத்’ (இணைவைப்பவரோடு உறவில்லை என்று அறிவிக்கும்) பேரணி நடத்தினார்கள். அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் எதிரான கோஷம். சவூதிப் படையோடு மோதல். சவூதி சொன்ன கணக்கில் 402 பேர் செத்தார்கள்: 275 ஈரானியர், 85 சவூதிகள், மற்ற நாட்டார் 42. மறுநாள் தெஹ்ரானில் சவூதி தூதரகம் சூறையாடப்பட்டது. அந்த வருஷம் ஈரானிலிருந்து வந்தவர்கள் சுமார் 1,50,000 பேர்.

எட்டு மாதம் கழித்து, 1988 மார்ச், ஜோர்டான் தலைநகர் அம்மான். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம். அங்கேதான் ‘பத்து லட்சத்துக்கு ஆயிரம்’ தீர்மானமானது. ஈரானுக்குக் கிடைத்தது 45,000. ஒன்றரை லட்சம் ஒரே அடியில் 45,000. அடுத்த மாதம், ஏப்ரல் 26, சவூதி ஈரானோடு உறவை முறித்தது.

முதலில் மார்ச், பிறகு ஏப்ரல். கோட்டா முன்னால், முறிவு பின்னால். தீர்மானித்தவர்கள் சுகாதார அமைச்சர்களோ போக்குவரத்து அமைச்சர்களோ இல்லை, வெளியுறவு அமைச்சர்கள். இதில் ராஜதந்திரம் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

நிலமும்நீரும்:
என் பெயரைத் தலையில் தூக்கி வைத்ததற்கு நன்றி. பாதி எழுதி பாதியை விட்டுவிட்டீர்கள். விட்ட பாதியை நான் எழுதுகிறேன்.

1987 ஜூலை 24. குவைத் கப்பல்களில் அமெரிக்கக் கொடியேற்றிப் பாதுகாப்போடு அழைத்துச் சென்ற முதல் பயணத்திலேயே ‘பிரிட்ஜ்டன்’ என்ற எண்ணெய்க் கப்பல் வளைகுடாவில் கண்ணிவெடியில் மாட்டியது. மக்கா மோதலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். ஈராக்கின் போருக்குச் சவூதி பணம் கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் கொண்டாடுகிற அதே 1988 மார்ச்சில்தான் சவூதி சீனாவிடம் டி.எஃப்-3 ஏவுகணை வாங்கிய விஷயமும் வெளியே வந்தது.

சண்டை கப்பல்வழியில். மக்கா அதன் எதிரொலி. ஈரானை அடக்க சவூதி கையில் பத்துக் கருவி இருந்தது, அதில் ஒன்று விசா. விசாவில் பிறை போட்டிருந்தால் அது மதமாகிவிடுமா?

காயல்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு பேரும் மக்காவுக்குப் பக்கத்தில் ஹாஜிகள் கூடாரத்தில் தங்கும் மினாவை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

ஹஜ்ஜுக்கு வருகிறவர் எல்லாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். துல்ஹஜ் பிறை 9, லுஹர் (நண்பகல்) முதல் மஃரிப் (சூரியன் மறையும் நேரம்) வரை அரஃபா மைதானத்தில். இரவு முஸ்தலிஃபாவில். பிறகு மினா. மினாவின் எல்லை கல்லெறியும் தூணான ஜம்ரத்துல் அகபாவிலிருந்து வாதி முஹஸ்ஸிர் பள்ளத்தாக்கு வரை, இரண்டு பக்கமும் மலை. அந்த எல்லையை எந்த அரசரும் நகர்த்த முடியாது, அது மார்க்கம் வகுத்தது. இடம் நீளாது, நாள் நீளாது, ஆள் மட்டும் வருஷா வருஷம் கூடுகிறது. விமானம் வந்த பிறகு வெளிநாட்டு ஹாஜிகள் 1983இலேயே பத்து லட்சத்தைத் தொட்டாகிவிட்டது. வரம்பு போடாமல் எப்படி நடத்துவது?

வரம்பு போட்ட பிறகுமே 1990இல் முஅய்சிம் சுரங்கப்பாதையில் 1,426 பேர் மிதிபட்டு மௌத்தானார்கள். 1997இல் மினா கூடாரங்களில் தீப்பிடித்து 343 பேர். அதன் பிறகுதான் தீப்பிடிக்காத கூடாரம் வந்தது. 2006இல் கல்லெறியும் இடமான ஜமராத்தில் முந்நூற்றுக்கும் மேல். அதற்குப் பிறகுதான் பழைய பாலத்தை இடித்து ஐந்தடுக்குப் பாலம் கட்டினார்கள்.

‘ஆயிரத்துக்கு ஒருவர்’ எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல். ஈரானுக்குத் தனி, பாகிஸ்தானுக்குத் தனி என்று கிடையாது. இதைவிட நியாயமான பங்கீட்டை இதுவரை யாரும் சொல்லவில்லை.

கணக்கப்பிள்ளை:
//எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல்//

ஒரே அளவுகோல் என்றால் அளந்து காட்டுங்கள். ஈரானின் 1986 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4.94 கோடி. ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் 49,400. முஸ்லிம் அல்லாதவரைக் கழித்தாலும் 49,000 சொச்சம். கொடுத்தது 45,000. மீதி நாலாயிரம் எங்கே?

மொத்தத்தையும் பாருங்கள். வெளிநாட்டு ஹாஜிகள் 1987இல் சுமார் 9,60,000. 1988இல் சுமார் 7,63,000. குறைந்தது இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் ஒன்றரை லட்சம் ஈரானியர். முக்கால் பங்கு ஒரே நாட்டின் தலையில் விழுந்தால் அது நெரிசல் நிர்வாகமா?

காயல்கரை:
ஈரானியர் 1988இல் வராமல் போனது ஈரான் எடுத்த முடிவு. 45,000 இடம் இருந்தது. 1988, 89, 90 என்று மூன்று வருஷமும் புறக்கணித்தது அவர்கள். அந்த 45,000ஐயும் சேர்த்துப் பாருங்கள், 8,08,000. அப்போது குறைந்தது ஒன்றரை லட்சம். தாங்களே வராமல் இருந்ததைச் சவூதி வெட்டியதாகக் கணக்குக் காட்டுகிறீர்கள். கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி எழுதலாமா?

நாலாயிரத்துக்கும் பதில் சொல்கிறேன். 1988இல் எந்த மதிப்பீட்டை எடுத்தார்களோ அதை வட்டமாக்கி 45 ஆயிரம் போட்டிருப்பார்கள். பங்கீட்டில் வட்டமாக்குவது வழக்கம்.

கணக்கப்பிள்ளை:
//வட்டமாக்கி 45 ஆயிரம் போட்டிருப்பார்கள்//

49,400ஐ வட்டமாக்கினால் 50,000 வரும். 45,000 வராது. மூன்றாம் வகுப்புக் கணக்கு.

புறக்கணிப்பு ஈரானின் முடிவுதான், மறுக்கவில்லை. ஒன்றரை லட்சம் பேர் போன நாட்டிடம் 45,000 என்று சொல்லி, பேரணியும் கூடாது என்று சொன்னால், அவர்கள் புறக்கணிப்பார்கள் என்று ரியாத்துக்குத் தெரியாதா?

1991ஐயும் பார்த்துவிடுவோம். 1989 ஜூனில் ஈரானின் தலைவர் கொமெய்னி காலமானார். 1990 ஜூனில் வடக்கு ஈரானில் பெரிய நிலநடுக்கம், சவூதி உதவி அனுப்பியது. ஆகஸ்டில் சதாம் குவைத்துக்குள் புகுந்தார், சவூதிக்கும் ஈரானுக்கும் ஒரே எதிரி வந்துவிட்டார். 1991 மார்ச்சில் உறவு மீண்டது. அந்த வருஷ ஹஜ்ஜில் ஈரானுக்குக் கிடைத்த இடம் ஒரு லட்சத்துக்கும் மேல். அப்போது ஈரானின் மக்கள்தொகை 5.58 கோடி. சூத்திரப்படி 55,800. கொடுத்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

மினா அந்த மூன்று வருஷத்தில் அகலமாகிவிட்டதா? மலை நகர்ந்ததா? முந்தின வருஷம்தான் சுரங்கப்பாதையில் 1,426 பேர் போனார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். நெரிசலுக்காக வைத்த வரம்பு என்றால் 1991இல் இன்னும் இறுக்கியிருக்க வேண்டும். உறவு சரியானதும் தளர்ந்தது. இது ஒன்றே போதும்.

நிலமும்நீரும்:
என் வாதத்தை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள். சதாம் குவைத்துக்குள் புகுந்ததால் கோட்டா கூடியது என்கிறீர்கள். அதாவது படையும் எண்ணெய்க் கிணறும் நகர்ந்ததும் கோட்டாவும் நகர்ந்தது. இதில் மதம் எங்கே காரணமாக நிற்கிறது? கொமெய்னி தெஹ்ரானில் என்ன சொன்னார், ரியாத்தில் எந்த உலமா (மார்க்க அறிஞர்) என்ன சொன்னார் என்று ஒரு வரி உங்கள் பதிலில் உண்டா?

கணக்கப்பிள்ளை:
இருக்கிறது, தருகிறேன். 1986 அக்டோபரில் சவூதி மன்னர் ஃபஹத் ‘மாட்சிமை தங்கிய மன்னர்’ என்ற பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு ‘இரு புனிதத் தலங்களின் பணியாளர்’ என்பதை மாட்டிக்கொண்டார். எண்ணெய் விலை தரைதட்டிய வருஷம் அது. 1979 நவம்பரில் மக்கா பெரிய பள்ளிவாசலையே ஆயுதக் கும்பல் பிடித்து இரண்டு வாரம் வைத்திருந்த அவமானம் பின்னால் நின்றது. ‘மன்னராட்சிக்கு இஸ்லாத்தில் இடமில்லை’ என்று தெஹ்ரான் தினம் சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பணத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஹஜ்ஜை ஒழுங்காக நடத்திக் காட்டுவது ஒன்றுதான் பதில். ஈரானியப் பேரணி அடித்தது அந்த இடத்தில். அதனால்தான் கோட்டா. டி.எஃப்-3 ஏவுகணையை வைத்து மக்காவில் கோஷத்தை நிறுத்த முடியுமா?

வழிப்போக்கன்2:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ‘மதம்’ என்று நம்பிக்கையைச் சொல்கிறீர்களா, மத நிறுவனங்களையா, ஆட்சிக்கு மதம் தரும் அங்கீகாரத்தையா? மூவரும் மூன்று பொருளில் பேசுவதாகத் தோன்றுகிறது. முதலில் அதை வரையறுத்துக்கொண்டால்...

காயல்கரை:
//1991 ஒரு லட்சத்துக்கும் மேல். இது ஒன்றே போதும்//

போதாது. மூன்று வருஷம் ஒருவரும் போகவில்லை. முறை வந்தும் போகாமல் நின்றவர்கள் சேர்ந்து நின்றார்கள். அந்த நிலுவைக்காகக் கூட்டிக் கொடுத்தார்கள் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

உங்களுக்கு 2017ஐ நினைவுபடுத்துகிறேன். 2015 மினா நெரிசலில் ஈரானியர் மட்டும் 464 பேர் மௌத். 2016 ஜனவரியில் சவூதியின் ஷியா மதகுரு ஷேக் நிம்ருக்கு மரண தண்டனை, தெஹ்ரானில் சவூதி தூதரகத்துக்குத் தீ, மறுநாள் உறவு முறிவு. அந்த வருஷம் ஹஜ் பேச்சு முறிந்தது. விசா எங்கே கொடுப்பது, யாருடைய விமானத்தில் ஏற்றுவது, ஹாஜிகள் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்பதில் தகராறு. ஈரானியர் போகவில்லை.

ஆனால் 2017இல்? தூதரகமும் இல்லை, தூதரும் இல்லை. யமனில் இரண்டு நாடும் எதிரெதிர் பக்கம். அப்படியிருந்தும் ஈரானிலிருந்து 86,000க்கும் மேல் போனார்கள். 2016 கணக்கெடுப்பில் ஈரான் 8 கோடிக்குச் சற்றுக் கீழே, சூத்திரப்படி 80,000. உறவே இல்லாத நாட்டுக்கு ஆறாயிரம் கூடுதல்! இரண்டு நாடும் பெய்ஜிங்கில் கைகுலுக்கி உறவை மீட்டது 2023 மார்ச்சில்தான். கோட்டா ராஜதந்திர ஆயுதம் என்றால் ஆறு வருஷம் ஏன் அது உறைக்குள் கிடந்தது?

கணக்கப்பிள்ளை:
2017 ஜூனில் கத்தார் மேல் சவூதியும் கூட்டாளிகளும் போட்ட முற்றுகை தொடங்கியது. ஆகஸ்டில் ஹஜ்ஜுக்காக மட்டும் சல்வா தரைவழி எல்லையைத் திறக்க மன்னர் சல்மான் உத்தரவிட்டார், கத்தார் ஹாஜிகளைத் தம் செலவில் ஏற்றி வர விமானம் அனுப்புவதாகவும் சொன்னார். தோஹா அதை அரசியல் என்றது. ஒரே வருஷம் கத்தாருக்கு எல்லை மூடல், ஈரானுக்கு வரவேற்பு. உறைக்குள் கிடந்தது என்கிறீர்கள். தாராளமாகக் கொடுப்பதும் அதே கத்தியைக் காட்டுவதுதான்.

என் கேள்வி அப்படியே நிற்கிறது. 45,000 எப்படி வந்தது?

நிலமும்நீரும்:
கொடுத்தாலும் ஆயுதம், கொடுக்காவிட்டாலும் ஆயுதம். எது நடந்திருந்தால் ‘நான் சொன்னது தப்பு’ என்று ஒத்துக்கொள்வீர்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

அக்கரைப்பற்றான்:
இலங்கையையும் கொஞ்சம் பாருங்கோ. எங்கட 2012 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 19 லட்சத்து 67 ஆயிரம் சொச்சம். ஆயிரத்துக்கு ஒராள் என்றால் 1,970 வரவேணும். கிடைக்கிறது 3,500. ஒவ்வொரு வருஷமும் எங்கட அமைச்சர் ஜித்தாவுக்குப் போய்க் கையெழுத்து வைத்துத்தான் அந்த எண் வருகுது. சூத்திரம் மட்டும்தான் என்றால் தபாலில் அனுப்பியிருக்கலாமே? காயல்கரை காக்கா, அந்த 1,500 எந்த அளவுகோல்?

காயல்கரை:
தம்பி, சின்ன நாடுகளுக்குக் கொஞ்சம் தாராளம் காட்டுவது உண்டு. சிங்கப்பூருக்கும் 900 கொடுக்கிறார்கள். இருபது லட்சம் பேர் கூடும் இடத்தில் ஆயிரத்து ஐந்நூறு ஒரு பொருட்டில்லை. பெரிய நாடுகளில்தான் அளவுகோலைச் சோதிக்க வேண்டும். இந்தியாவில் 2011 கணக்கெடுப்பில் 17.22 கோடி முஸ்லிம்கள், சூத்திரப்படி 1,72,200, கிடைப்பது 1,75,025. சரியாக இருக்கிறதா இல்லையா?

நிலமும்நீரும்:
இன்னும் நல்ல உதாரணம் பாகிஸ்தான். 2017 கணக்கெடுப்பில் 20 கோடியைத் தாண்டியது. கிட்டத்தட்ட அத்தனை பேரும் முஸ்லிம். சூத்திரப்படி 2,00,000 வர வேண்டும். கிடைப்பது 1,79,210. சவூதியின் உற்ற தோழன், படை அனுப்புகிற நாடு, அதற்கே இருபதாயிரம் குறைவு. மதச் சகோதரத்துவம் கோட்டாவை முடிவு செய்கிறது என்றால் இது எப்படி?

கணக்கப்பிள்ளை:
2019 ஜூன், ஒசாகா. ஜி-20 கூட்டத்தில் மோடியும் முகமது பின் சல்மானும் சந்தித்தார்கள். வெளியே வந்து இந்திய வெளியுறவுச் செயலர் சொன்ன செய்தி: கோட்டா 1,70,000இலிருந்து 2,00,000. பாகிஸ்தானுக்கும் அந்த வருஷம் 2,00,000 ஆக்கினார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு, முதலீடு பேசிய அதே மேசையில் ஹாஜிகள் எண்ணிக்கை. கொரோனா முடிந்து 2023இல் பார்த்தால் இந்தியாவுக்கு மறுபடி 1,75,025. சூத்திரம் என்றால் மேலே போனது எப்படி, கீழே வந்தது எப்படி? இந்தியாவில் முஸ்லிம்கள் நாலு வருஷத்தில் இரண்டரைக் கோடி குறைந்துவிட்டார்களா?

தென்பொருநை:
எல்லாரும் 1988லயே நிக்கிறீங்க. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு பொறந்த 1969 ரபாத்தை (மொராக்கோ தலைநகர்) எடுங்க. ஆகஸ்ட் 21 அன்னிக்கு அல்-அக்ஸாவுக்கு ஒரு ஆஸ்திரேலியர் தீ வச்சார். செப்டம்பர்ல ரபாத்ல உச்சி மாநாடு. இந்தியாவைக் கூப்பிட்டு, நம்ம அமைச்சர் ஃபக்ருதீன் அலி அகமது போய் இறங்கின பிறகு, பாகிஸ்தான் அதிபர் யாஹியா கான் ‘இந்தியா இருந்தா நான் வரமாட்டேன்’னு அடம்பிடிச்சு வெளியேத்துனாங்க. ஃபக்ருதீன் வர்றதுக்கு முன்னாடி நம்ம தூதர் குர்பச்சன் சிங் போய் உக்கார்ந்தது பொறுக்கல. மதம் வெளியுறவுல இருக்கான்னு இன்னுமா சந்தேகம்?

நிலமும்நீரும்:
தூதர் சீக்கியர் என்பதால் இல்லை. அதே செப்டம்பரில் அகமதாபாத்தில் கலவரம் நடந்துகொண்டிருந்தது. யாஹியா கான் அதைத்தான் பிடித்துக்கொண்டார். உள்நாட்டில் அவருக்கு ஆதாயம், காஷ்மீரில் ஆதாயம். தலைப்பாகையைப் பார்த்துக் கோபப்பட்டார் என்பது கதை.

தென்பொருநை:
அகமதாபாத் சாக்கு. முதல்நாள் அமர்வுல குர்பச்சன் சிங் உக்கார்ந்தப்பவே முணுமுணுப்பு வந்தாச்சு. 2019 மார்ச்ல அதே அமைப்போட அபுதாபி கூட்டத்துல சுஷ்மா சுவராஜ் கௌரவ விருந்தினரா பேசினப்ப பாகிஸ்தான் அமைச்சர் குரேஷி வராம இருந்தாரே, அப்ப எந்தக் கலவரம்?

நிலமும்நீரும்:
பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்தியா விமானத் தாக்குதல் நடத்தி நாலு நாள் ஆகாத நேரம் அது! அடுத்த நாளே அதே கூட்டம் காஷ்மீர் குறித்துத் தீர்மானமும் போட்டது. மேடை கொடுத்தது எமிரேட்ஸின் வியாபாரம், தீர்மானம் பாகிஸ்தானின் வாக்கு. உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

கணக்கப்பிள்ளை:
ரபாத்துக்குத் தனி இழை போடுங்கள். அம்மானுக்குப் பதில் இல்லாததால் ரபாத்துக்கு ஓடுகிறீர்கள்.

எண்ணெயும் ஆயுதமும்தான் என்று சொல்கிறவருக்கு ஒன்று. 1999 அக்டோபர் 15, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1267ஆம் தீர்மானம். தாலிபானின் விமானங்கள் எந்த நாட்டிலும் ஏறவோ இறங்கவோ கூடாது என்று தடை. அதே பத்தியில் விலக்கு: மனிதாபிமானத் தேவை, ஹஜ் போன்ற மதக் கடமை உட்பட, குழு முன்கூட்டி அனுமதித்தால் பறக்கலாம். ‘ஹஜ்’ என்ற சொல்லே தீர்மானத்தில் அச்சாகியிருக்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் அத்தனையும் கைதூக்கிய தீர்மானம். அந்த வரியில் எத்தனை பீப்பாய் எண்ணெய் இருந்தது?

நிலமும்நீரும்:
விலக்கு கொடுத்தது முஸ்லிம் நாடுகள் தடையை மீறாமல் இருக்க. லிபியா மேல் தடை இருந்த காலத்தில் கடாஃபி ஹாஜிகளை விமானத்தில் ஏற்றித் தடையைக் கேலிக்கூத்தாக்கினார். அந்தப் பாடத்தைப் படித்துத்தான் 1999இல் முன்னாலேயே எழுதிவைத்தார்கள். தடை உடையாமல் காக்கும் கணக்கு, பக்தி இல்லை.

கணக்கப்பிள்ளை:
ஹஜ்ஜை மறித்தால் தடையே உடையும் என்று ஐந்து வல்லரசும் பயந்தன என்கிறீர்கள். நான் முதல் வரியிலிருந்து சொல்வது வேறென்ன?

அக்கரைப்பற்றான்:
ரெண்டு பேரும் ஒண்டைத்தான் ரெண்டு விதமாச் சொல்றீங்கள் போல.

கணக்கப்பிள்ளை:
இல்லவே இல்லை.

நிலமும்நீரும்:
நிச்சயமாக இல்லை.

காயல்கரை:
எல்லாவற்றையும் ராஜதந்திரம் என்று பார்ப்பதால் வரும் கேடு 2025இல் தெரிந்தது. அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு உள்விவரம் தெரியாது.

இந்தியாவின் 1,75,025இல் அரசின் ஹஜ் கமிட்டிக்கு 1,22,518, தனியார் நிறுவனங்களுக்கு 52,507. எழுபதுக்கு முப்பது. ஒரு நிறுவனம் குறைந்தது 2,000 ஹாஜிகளை வைத்திருக்க வேண்டும் என்று சவூதி நிபந்தனையைக் கூட்டியது. அதனால் 800க்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்களை 26 கூட்டு அமைப்பாகக் கட்டினார்கள். 52,507ஐ 26ஆல் வகுத்தால் 2,019 வரும், சரியாக விளிம்பில்.

அதன் பிறகு எல்லாம் சவூதியின் ஹஜ் இணையதளமான நுஸுக் தளத்தில். பணம் முதலில் சவூதி கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பணத்தைக் காட்டி மினாவில் இடம் பிடிக்க வேண்டும். மினா இடம் உறுதியான பிறகு கூடாரம், சாப்பாடு, பேருந்து, மக்கா மதீனா தங்குமிடம் என்று ஒவ்வொரு ஒப்பந்தமும். இதில் ஒரு படி தவறினால் அடுத்த படி திறக்காது, விசாவும் வராது. மினாவில் ஜமராத்துக்குப் பக்கத்து இடம் விலை கூடுதல், தள்ளிப் போகப் போகக் குறைவு. முந்திக் கட்டியவருக்கு முன்னிடம்.

கூட்டு அமைப்புகள் கெடுவுக்குள் இதை முடிக்கவில்லை. மினா இடம் ரத்து. நாற்பதாயிரத்துக்கும் மேல் அந்தரத்தில். தமிழ்நாட்டு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். டெல்லி பேசிய பிறகு 10,000 பேருக்கு மட்டும் தளத்தைத் திறந்தார்கள், அதுவும் மினாவில் அப்போது மிச்சமிருந்த இடத்துக்கு.

பாகிஸ்தானில் என்ன ஆனது? 1,79,210இல் பாதி தனியாருக்கு. அங்கேயும் அதே கெடு, அதே காரணம், 67,000 பேர் போக முடியவில்லை. நண்பன் என்று பார்க்கவில்லை, பக்கத்து வீடு என்று பார்க்கவில்லை. கெடு தவறினால் இடமில்லை. இதற்குப் பெயர் நிர்வாகம்!

கணக்கப்பிள்ளை:
நல்ல விவரம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரம் எப்படித் திறந்தது? நீங்களே எழுதினீர்கள், ‘டெல்லி பேசிய பிறகு’. இயந்திரம் பேச்சுக்கு இறங்காது. நுஸுக் தளம் கடிதம் படித்தா திறந்தது?

//நண்பன் என்று பார்க்கவில்லை// இது 2025. நான் கேட்டது 1988. 49,400 வர வேண்டிய இடத்தில் 45,000.

காயல்கரை:
திறந்தது மிச்சமிருந்த இடத்துக்கு மட்டும் என்ற வரியை ஏன் விட்டீர்கள்? ராஜதந்திரம் செல்லுபடியானால் நாற்பதாயிரமும் வந்திருக்க வேண்டும். வந்தது மினாவில் தரை இருந்த அளவுக்கு.

2013ஐயும் எழுதுகிறேன். கஅபாவைத் தவாஃப் சுற்றும் இடத்தை விரிவாக்க இடித்தார்கள். மணிக்கு 48,000 பேர் சுற்றிய இடம் வேலை நடந்தபோது 22,000க்கு இறங்கியது. உடனே எல்லா நாட்டுக்கும் 20 சதவீதம் வெட்டு. இந்தியாவின் 1,70,025 அப்படியே 1,36,020 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் ஆள் கூடக் குறைய இல்லை. 2017இல் வேலை முடிந்து எல்லாருக்கும் திரும்பக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே வெட்டு, ஒரே மீட்பு. எந்த நாட்டு அமைச்சரும் கெஞ்சித் தப்பவில்லை.

கணக்கப்பிள்ளை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! உண்மையான நெரிசல் வெட்டு எப்படி இருக்கும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். எல்லாருக்கும் 20 சதவீதம். 1988இல் ஈரானுக்கு விழுந்தது 70 சதவீதம். ஒன்றரை லட்சத்திலிருந்து 45,000. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காயல்கரை:
1988க்கு முன்னால் கோட்டாவே கிடையாது. ஈரான் தன் பங்கைவிட மூன்று மடங்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. பொது அளவுகோல் வந்ததும் அதிகம் அனுப்பியவருக்கு அதிகம் குறையத்தான் செய்யும். பந்தியில் மூன்று இலை போட்டு உட்கார்ந்தவர், ஆளுக்கு ஓர் இலை என்றதும் என்னை மட்டும் எழுப்புகிறார்கள் என்று சொல்லக்கூடாது.

அக்கரைப்பற்றான்:
எங்களுக்கு ரெண்டு இலை தாறாங்களே காக்கா, அது மட்டும் சரியோ?

மட்டுறுத்துநர்:
ரபாத் 1969 தொடர்பாக மேலும் வந்த பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். ஹஜ் மானியம் பற்றி வந்த நான்கு பதில்கள் நீக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2012இல் பத்து வருஷத்துக்குள் நிறுத்தச் சொன்னது, 2018இல் அரசு நிறுத்திவிட்டது. முடிந்த விஷயத்துக்கு இங்கே மீண்டும் சண்டை வேண்டாம்.

தென்பொருநை:
என் பதிலை மட்டும் பாதியில வெட்டி மாத்திருக்கீங்க. நிலமும்நீரும் எழுதினது முழுசா இருக்கு. போன மாசமும் இப்படித்தான்.

நிலமும்நீரும்:
நான் கேட்டதற்குக் கணக்கப்பிள்ளை இன்னும் பதில் சொல்லவில்லை. எது நடந்தால் தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?

கணக்கப்பிள்ளை:
ஈரானுக்கு 1988இலும் 1991இலும் ஒரே விகிதத்தில் கொடுத்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். கொடுக்கவில்லை. 1988: மக்கள்தொகை 4.94 கோடி, இடம் 45,000. 1991: 5.58 கோடி, இடம் ஒரு லட்சத்துக்கு மேல். நடுவில் மாறியது மினா இல்லை, தூதரகத்தின் கொடி. காயல்கரை ‘நிலுவை’ என்றார். நிலுவைக்குத் தனி ஒதுக்கீடு என்று அம்மான் தீர்மானத்தில் எந்த வரியில் இருக்கிறது? 45,000 எப்படி வந்தது? இரண்டுக்கும் எண்ணாகப் பதில் வேண்டும்.

காயல்கரை:
மூன்று தடவை சொல்லியாயிற்று. நாலாவது தடவை சொன்னாலும் நீங்கள் மார்ச், ஏப்ரல் என்றுதான் ஆரம்பிப்பீர்கள். 2013க்குப் பதில் சொல்லுங்கள், பிறகு 1988க்கு வருகிறேன்.

கணக்கப்பிள்ளை:
2013க்குச் சொல்லிவிட்டேன், மேலே இருக்கிறது. 49,400இல் 45,000 போனால் மீதி 4,400. அது எங்கே?